பிஎம்எல் இல்லாத செல்லில் ஐசிபி0-க்கு என்ன வேலை? ஹெர்பிஸ் வைரஸும் செல்லின் புரத ஒட்டுகளும்

12 ஜனவரி 2024, வாசகர் கேள்வி

யூபிக்விட்டின் என்பது செல்லின் குப்பைச் சீட்டு, சீட்டு ஒட்டிய புரதம் புரோட்டியாசோமுக்குப் போய் அரைபடும் என்று படித்திருக்கிறேன். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் 1 தன் ஐசிபி0 புரதத்தை வைத்து வைரஸைத் தடுக்கும் செல்லின் பிஎம்எல் புரதத்தில் அந்தச் சீட்டை ஒட்டி ஒழித்துவிடுகிறது. அப்படியானால் பிஎம்எல் இல்லாத செல்லில், ஐசிபி0 இல்லாத வைரஸ் ஜோராக வளர வேண்டும். கணக்கு சரிதானே அண்ணா?

12 ஜனவரி, இரவு 10.15

தப்பு. ஆனால் நல்ல தப்பு. நானும் முதல் வருடம் இதே கணக்கைத்தான் போட்டேன்.

2006-இல் கிளாஸ்கோவில் ரோஜர் எவரெட் குழு இதைச் செய்தே பார்த்துவிட்டது. மனித ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களில் பிஎம்எல்லைக் குறைத்துவிட்டு, ஐசிபி0 இல்லாத வைரஸை விட்டார்கள். வளர்ச்சி மேலேறியது, ஆனால் சாதாரண வைரஸின் அளவை எட்டவில்லை. அப்புறம் பிஎம்எல்லின் கூட்டாளிப் புரதங்களான எஸ்பி100, டாக்ஸ், ஏடிஆர்எக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் குறைத்தபோதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சம்தான் ஏறியது. வாசலில் நிற்கும் காவலாளி ஒருவனில்லை, ஒரு கூட்டமே நிற்கிறது.

மீதியை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

13 ஜனவரி, காலை

சரி, அடியிலிருந்து வருவோம்.

இந்த வைரஸின் டிஎன்ஏ சுமார் 1,52,000 எழுத்து நீளம். எண்பது சொச்சம் புரதங்களை வைத்துக்கொண்டு பல ஆயிரம் புரதங்கள் உள்ள செல்லைப் பிடிக்க வேண்டும். எல்லா வேலைக்கும் ஆள் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே செல்லில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஏற்பாட்டில் கை வைக்கிறது. ஒரு புரதம் உருவான பிறகு அதன்மேல் சின்னதாக ஏதாவது ஒட்டுவது, ஒட்டியதைப் பிய்ப்பது என்பதுதான் அந்த ஏற்பாடு. ஒட்டப்படுவது பாஸ்பேட்டாக இருக்கலாம், அசிட்டைலாக, மெத்திலாக, சர்க்கரையாக இருக்கலாம். யூபிக்விட்டின் (76 அமினோ அமிலம்), அதன் பங்காளி சுமோ மாதிரி ஒரு முழு குட்டிப் புரதமாகவும் இருக்கலாம்.

சுமோ என்றதும் டாடா சுமோ ஞாபகம் வருகிறவர்களுக்கு: அந்த வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பான் குஸ்திக்கும் இல்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன.

காட்சி இது. வைரஸின் டிஎன்ஏ செல்லின் கருவுக்குள் உரித்த நிலையில் வந்து விழுகிறது. கருவுக்குள் பிஎம்எல், எஸ்பி100, டாக்ஸ் எல்லாம் சேர்ந்து புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருக்கும். ஃப்ளோரசென்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு கருவில் பத்து இருபது புள்ளிகள் தெரியும். வைரஸ் டிஎன்ஏ வந்ததும் அந்தப் புரதங்கள் தேடிப்போய் அதன் பக்கத்தில் சேர்கின்றன. ஐசிபி0 இல்லாத வைரஸை விட்டு, வளர்ந்துகொண்டிருக்கும் பிளாக்கின் (செல் விரிப்பில் வைரஸ் பரவி உண்டாக்கும் ஓட்டை) ஓரத்தில் இருக்கும் செல்களைப் பார்க்க வேண்டும். பக்கத்துச் செல்லிலிருந்து வைரஸ் ஒரே திசையில் வருவதால், அந்தப் பக்கத்துக் கரு விளிம்பில் மட்டும் பிஎம்எல் பிறைபோல வளைந்து நிற்கும். எத்தனையோ மைக்ராஸ்கோப் படம் பார்த்திருக்கிறேன், இந்தப் படம் மட்டும் இன்றைக்கும் அலுக்கவில்லை.

ஐசிபி0 உள்ள வைரஸ் என்றால் பிறைக்கு இடமே இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் புள்ளிகள் கரைந்துபோகும்.

13 ஜனவரி, மாலை

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதுதான் முக்கியமும் கூட. ஐசிபி0 பிஎம்எல்லை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பிஎம்எல்மீது சுமோ ஒட்டியிருக்கும். செல்தான் ஒட்டியது. பிஎம்எல் புள்ளியாகக் கூடி உட்காருவதற்கே அந்த ஒட்டு வேண்டும். ஐசிபி0-வின் உடம்பில் சுமோவைப் பற்றிக்கொள்ளும் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கின்றன. தேங்காயைக் குடுமியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி சுமோவைப் பிடித்து, அதன்மேல் யூபிக்விட்டினை அடுக்கி, புரோட்டியாசோமுக்கு அனுப்பிவிடுகிறது. காவலுக்காகச் செல் மாட்டிவிட்ட சட்டையே திருடனுக்குப் பிடிமானமாகிறது. 2011-இல் கிரிஸ் பூட்டல், எவரெட் முதலானவர்கள் இதை விளக்கமாகக் காட்டினார்கள்.

ஆக, தம்பி, உன் கேள்வியில் ஒரு சீட்டுதான் இருக்கிறது. நிஜத்தில் இரண்டு. ஒரு சீட்டைப் படித்துவிட்டுத்தான் அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டப்படுகிறது.

14 ஜனவரி

"ஜெல்லில் இதை எப்படிப் பார்ப்பது" என்று ஒருவர் தனியே கேட்டார். என் மானம் போன கதையைச் சொன்னால் அவருக்குப் பதிலும் கிடைத்துவிடும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் ஆன்டிபாடியால் காட்டும் முறை) பிஎம்எல் ஒற்றைக் கோடாக வராது. ஒரே மரபணுவிலிருந்து பல வடிவங்கள், ஒவ்வொன்றின்மேலும் சுமோ ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏணிப்படி மாதிரி மேலே போகும். சாதாரண வைரஸ் விட்டால் மேல்படிகள் முதலில் மறையும், அப்புறம் கீழே உள்ளவை.

நான் இரண்டு வைரஸ் விட்டேன். ஒன்று சாதாரணம், இன்னொன்று ஐசிபி0 இல்லாதது. இரண்டு, நான்கு, ஆறு மணி என்று செல்களை எடுத்தேன். படம் வந்தது. ஐசிபி0 இல்லாத வைரஸிலும் ஆறாவது மணியில் ஏணி கரைந்திருந்தது! சுமோவைப் பிய்க்கிற இன்னொரு வைரஸ் புரதத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று முடிவுகட்டி, ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தாகிவிட்டது.

அவர் படத்தை இரண்டு நொடிதான் பார்த்தார். "வைரஸ் விடாத செல்லை எத்தனை மணிக்கு எடுத்தாய்?"

காலையில், ஆரம்பத்தில். ஒரே ஒரு முறை.

விஷயம் இதுதான். செல்லை உடைத்ததும் அதற்குள் இருக்கும் சுமோ பிய்க்கும் என்சைம்கள் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி எல்லாவற்றையும் பிய்த்துத் தள்ளும். அதைத் தடுக்க உடைக்கும் கரைசலில் என்-எத்தில் மாலெய்மைடு, சுருக்கமாக என்இஎம் போடுவோம். அது என்சைமில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டி முடக்கிவிடும். ஆனால் தண்ணீரில் கரைத்து வைத்தால் சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். நான் காலையில் கலந்த ஒரே குழாயை மாலை வரை மேஜைமேல் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். காலையில் எடுத்த செல்லில் என்இஎம் உயிரோடு இருந்தது, மாலையில் எடுத்ததில் இல்லை. ஏணியைக் கரைத்தது வைரஸ் அல்ல, என் சோம்பல்.

மறுநாள் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக, எத்தனாலில் கரைத்து, எடுக்கிற நிமிடத்தில் சேர்த்தேன். வைரஸ் விடாத செல்லையும் ஒவ்வொரு மணிக்கும் எடுத்தேன். ஐசிபி0 இல்லாத வைரஸில் ஏணி அப்படியே கம்பீரமாக நின்றது. கண்டுபிடிப்பு காலி.

இன்னொன்று: என்இஎம் போட்ட கரைசலில் டிடிடி (புரதத்தின் கந்தகப் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

14 ஜனவரி, பத்து நிமிடம் கழித்து

"நேரே ஜெல் பஃபரில் கொதிக்க வைத்தால் என்இஎம் எதற்கு" என்று கேட்டவருக்கு: சரிதான். என்சைம் வெந்துபோகும். பல நாள் நானும் அப்படித்தான் செய்கிறேன். புரதத்தை வெளியே இழுத்து வேறு சோதனை செய்ய வேண்டும் என்றால்தான் இந்தப் பாடெல்லாம்.

17 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் நல்ல கேள்வி ஒன்று காத்திருக்கிறது: "ஐசிபி0 இல்லாத வைரஸ் மனித செல்லில் வளரவே திணறுகிறது என்றால், ஆய்வுக்கூடத்தில் அதை எதில் வளர்க்கிறீர்கள்?"

யூ2ஓஎஸ் என்கிற எலும்புப் புற்றுச் செல்லில். அதில் ஐசிபி0 இருந்தாலும் இல்லாவிட்டாலும் வைரஸ் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும். 1995-இலேயே யாவ், ஷாஃபர் இருவரும் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். அதனால் இத்தகைய வைரஸ்களை எண்ணி அளவு குறிப்பதும் அதில்தான்.

இனி கவனி தம்பி. யூ2ஓஎஸ் செல்லில் பிஎம்எல் இருக்கிறது! புள்ளிகளும் இருக்கின்றன. பிஎம்எல் இல்லாத ஃபைப்ரோபிளாஸ்டில் ஐசிபி0 இன்னமும் வேண்டியிருக்கிறது, பிஎம்எல் உள்ள யூ2ஓஎஸ்ஸில் ஐசிபி0 வேண்டியதில்லை. உன் கணக்கு இரண்டு பக்கமும் உடைகிறது. யூ2ஓஎஸ்ஸில் இல்லாதது ஏடிஆர்எக்ஸ். டாக்ஸோடு சேர்ந்து டிஎன்ஏவைச் சுருட்டிப் பூட்டும் புரதம் அது. அந்த ஒன்றின்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன், அந்தச் செல்லில் வெளி டிஎன்ஏவை மோப்பம் பிடிக்கும் ஸ்டிங் வழியும் பழுதாகிக் கிடக்கிறது. புற்றுச் செல் என்பது பல ஓடு பெயர்ந்த வீடு. மழை எந்த ஓட்டை வழியாக வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

17 ஜனவரி, இரவு

அளவைச் சொல்ல மறந்தேன். செல் ஒன்றுக்குப் பத்து வைரஸ் என்று கொட்டினால் ஃபைப்ரோபிளாஸ்டிலும் ஐசிபி0 இல்லாத வைரஸ் ஓரளவு நன்றாகவே வளரும். காவலாளிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவர்கள். பத்துக் கதவை ஒரே நேரத்தில் உடைத்தால் அவர்களால் ஓடியாட முடியாது. மிகக் குறைந்த அளவில், நூறு செல்லுக்கு ஒரு வைரஸ் என்கிற மாதிரி விட்டால்தான் குறை பளிச்சென்று தெரியும்.

என் ஏணிச் சோதனையில் நான் விட்டது செல்லுக்குப் பத்து. எல்லாச் செல்லிலும் தொற்று இருந்தால்தான் பிளாட்டில் தெளிவாகத் தெரியும், அதற்காக. ஆனால் வளர்ச்சிக் குறை தெரிகிற அளவு வேறு, பிளாட் தெரிகிற அளவு வேறு. இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் கதை சொன்னால், அந்தக் கதையை நம்பாதீர்கள். நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

19 ஜனவரி

கொஞ்சம் கிளை தாவுகிறேன்.

1997-இல் எவரெட் குழு ஐசிபி0-வோடு கட்டிப்பிடித்து நிற்கிற ஒரு செல் புரதத்தைக் கண்டுபிடித்தது. பார்த்தால் அது யூபிக்விட்டினை ஒட்டும் ஆள் அல்ல, பிய்க்கும் ஆள். ஹெர்பிஸ் வைரஸோடு சேர்ந்து கிடைத்ததால் அதற்கு ஹாஸ்ப் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பெயர் யூஎஸ்பி7. பி53 என்கிற புற்றுத் தடுப்புப் புரதத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிற கூட்டத்தில் முக்கியமான ஆள் என்று பின்னால் தெரிந்தது. இன்று புற்றுநோய் மருந்து தேடுகிறவர்கள் அதன் பின்னால் சுற்றுகிறார்கள். ஜாதகம் எழுதியதோ உதட்டுப் புண் வைரஸ்.

ஐசிபி0 எதற்குப் பிய்ப்பவனைக் கூட வைத்துக்கொள்கிறது? தன்னைத் தானே சீட்டு ஒட்டிக்கொண்டு அழியும் வழக்கம் அதற்கு உண்டு. ஒட்டுகிற பசை கையிலும் ஒட்டும் அல்லவா? யூஎஸ்பி7 அதைத் துடைத்துவிடுகிறது.

19 ஜனவரி, தொடர்ச்சி

இதைவிட எனக்குப் பிடித்தது ஆர்என்எஃப்8 கதை. செல்லின் டிஎன்ஏ உடைந்தால் ஓடிவந்து யூபிக்விட்டின் ஒட்டி, பழுது பார்ப்பவர்களைக் கூப்பிடும் புரதம் அது. குப்பைச் சீட்டு வேறு, இது ஆள் கூப்பிடும் சீட்டு. யூபிக்விட்டின் என்றாலே அரவை என்று நினைக்கக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம். வைரஸ் டிஎன்ஏவின் நுனிகளும் உடைந்த டிஎன்ஏ மாதிரி தெரிவதால், ஆர்என்எஃப்8 வைரஸுக்குத் தலைவலி.

ஐசிபி0 என்ன செய்கிறது? தன் 67-ஆவது இடத்தில் உள்ள த்ரியோனினில் பாஸ்பேட் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிவிடுவது செல்லின் சொந்த கைனேஸ்தான் (பாஸ்பேட் ஏற்றும் என்சைம்). அந்தப் பாஸ்பேட் ஏறிய துண்டு, ஆர்என்எஃப்8 வழக்கமாகத் தேடிப்போகிற செல் புரதத்தின் துண்டு மாதிரியே இருக்கும். ஆர்என்எஃப்8 நம்பி வந்து ஒட்டும், உடனே சீட்டு, அரவை. செல்லின் கையாலேயே வேஷம் போட்டுக்கொண்டு செல்லையே ஏமாற்றுகிறது. 2012-இல் வந்த கட்டுரை. படித்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

20 ஜனவரி

குடுமி உவமையைத் திருத்த வேண்டும். 13-ஆம் தேதி மாலைக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் "சுமோ ஒட்ட முடியாத பிஎம்எல்லை ஐசிபி0 விட்டுவிடுமா" என்று கேட்டார்.

விடாது, குறைந்தபட்சம் ஒரு வடிவத்தை விடாது. பிஎம்எல்லின் வடிவங்களில் முதலாவதை ஐசிபி0 நேராகவே பிடித்துக்கொள்ளும், சுமோ தேவையில்லை. மற்ற வடிவங்களுக்குத்தான் குடுமி வேண்டும். அதாவது மொட்டைத் தேங்காயையும் தூக்கத் தெரிந்த ஆள். நான் எழுதியது பாதி உண்மை.

22 ஜனவரி

"மற்ற ஹெர்பிஸ் வைரஸ்களும் இதையேதான் செய்கின்றனவா?"

எதிரி ஒருவன்தான், அடிக்கும் விதம் வேறு. மனித சைட்டோமெகலோ வைரஸ் பிஎம்எல்லை அழிப்பதில்லை. ஐஈ1 என்ற புரதத்தால் அதன் சுமோவை மட்டும் உருவிவிடுகிறது. சட்டையைக் கழற்றினால் காவலாளி சாதாரண ஆள், புள்ளிகள் கலைந்துவிடும். டாக்ஸை வேறு ஒருவன் கவனித்துக்கொள்கிறான். வைரஸ் பொட்டலத்திலேயே கூட வரும் பிபி71 என்ற புரதம் டாக்ஸை புரோட்டியாசோமுக்குத் தள்ளுகிறது. அதுவும் யூபிக்விட்டின் சீட்டே இல்லாமல்! தம்பி, உன் பாடப்புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்: சீட்டு இல்லாமலும் அரவைக்குப் போகலாம்.

சின்னம்மை வைரஸுக்கு ஐசிபி0-வின் பங்காளி ஓஆர்எஃப்61. அதற்கும் சுமோ கொக்கி உண்டு, ஆனால் பிஎம்எல்லை முழுசாக ஒழிக்கும் தெம்பு இல்லை, கலைக்க மட்டும்தான் தெரியும். அதனால் சில செல்களில் பிஎம்எல் கூண்டு கட்டி, புதிதாகச் செய்த வைரஸ் கூடுகளை உள்ளேயே பூட்டிவைப்பதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். கோழிக்கூண்டில் முட்டைகள் மாதிரி.

22 ஜனவரி, இரவு

சின்னம்மை என்றதும் அக்கிக்குத் தாவிவிட்டார்கள். அக்கி அதே வைரஸ்தான். சின்னம்மை ஆறிய பிறகு நரம்பு முடிச்சில் பல பத்தாண்டு படுத்திருந்து, ஒரு நரம்பின் பாதையில் மட்டும் எழும்பி வருவது. உதட்டில் காய்ச்சலோடு வரும் கொப்புளம் வேறு, அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். எங்கள் வீட்டில் அதற்குப் பல்லி எச்சம் பட்டது என்பார்கள். பாவம் பல்லி. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 இருக்கிறது. அத்தனை பல்லிக்கு எங்கே போவது?

எங்கள் பாட்டிக்கு விலாவில் அக்கி வந்தபோது குயவர் வந்து காவி குழைத்து அக்கி எழுதினார். சிங்கம் வரைந்தார். எனக்கு எட்டு வயது, சிங்கம் நன்றாக இருந்தது. வலி மூன்று மாதம் இருந்தது. இப்போது யாருக்காவது அக்கி என்றால் முதல் மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போங்கள், மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். அப்புறம் சிங்கம் வரைவது உங்கள் விருப்பம்.

25 ஜனவரி

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு கோணல் தெரிகிறது. செல் ஒட்டினால் வைரஸுக்குக் கேடு, வைரஸ் பிய்த்தால் வைரஸுக்கு லாபம் என்று கதை ஓடுகிறது. அப்படி இல்லவே இல்லை.

கருவுக்குள் வந்த வைரஸ் டிஎன்ஏவைச் செல் ஹிஸ்டோன்கள் என்ற உருளைப் புரதங்களில் சுற்றி, ஹிஸ்டோன் எச்3-இன் 9-ஆவது லைசினில் மெத்திலை ஒட்டி ஊமையாக்கிவிடும். அந்த மெத்திலைப் பிய்ப்பது எல்எஸ்டி1 என்ற என்சைம். வைரஸுடையது அல்ல, செல்லுடையது. வைரஸ் தன்னோடு கொண்டுவரும் விபி16, செல்லின் எச்சிஎஃப்-1 புரதத்தைப் பிடிக்க, எச்சிஎஃப்-1 எல்எஸ்டி1-ஐக் கூட்டிவருகிறது. மெத்தில் போனதும் வைரஸின் முதல் மரபணுக்கள் பேச ஆரம்பிக்கின்றன. செல்லின் பிய்க்கும் கை இல்லாவிட்டால் ஐசிபி0-வே உருவாகாது!

2009-இல் தாமஸ் கிறிஸ்டி குழு இதைக் காட்டியபோது, பழைய மனச்சோர்வு மருந்தான ட்ரானில்சிப்ரோமின் எல்எஸ்டி1-ஐத் தடுத்து வைரஸையும் தடுத்தது. செல்லில் செய்த சோதனை. யாரும் உதட்டுப் புண்ணுக்கு அந்த மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள், சாப்பாட்டுக் கட்டுப்பாடு நிறைந்த ஆபத்தான மருந்து அது.

எச்சிஎஃப்-1 பற்றி ஒரு வேடிக்கை: அது வேலைக்குத் தயாராக நடுவில் வெட்டப்பட வேண்டும். வெட்டுவது ஓஜிடி, புரதங்களில் சர்க்கரை ஒட்டுகிற என்சைம். ஒட்டுகிறவனே கத்தரிக்கோலும் வைத்திருக்கிறான்.

26 ஜனவரி

பாஸ்பேட் பக்கம் இன்னும் சரியாக வரவில்லை. சுருக்கமாக.

வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவைப் பார்த்ததும் செல்லின் பிகேஆர் விழித்து, ஈஐஎஃப்2 ஆல்ஃபாவின் 51-ஆவது செரினில் பாஸ்பேட் ஏற்றும். ஏறியதும் செல்லில் புரதத் தயாரிப்பு நிற்கும், வைரஸுக்கும் சேர்த்துத்தான். கடையை மூடி ஷட்டரை இறக்குகிற மாதிரி. ஹெர்பிஸின் ஐசிபி34.5 என்ன செய்கிறது என்றால், செல்லின் பாஸ்பேட் பிய்க்கும் என்சைம் பிபி1-ஐ இழுத்துவந்து ஷட்டரைத் தூக்க வைக்கிறது.

இதிலிருந்து மருந்தே வந்தது. ஐசிபி34.5-ஐ நீக்கிவிட்ட ஹெர்பிஸ், ஷட்டர் ஒழுங்காக இறங்கும் சாதாரண செல்லில் தவிக்கும். பல புற்றுச் செல்களில் ஷட்டர் பழுது, அங்கே மட்டும் வளரும். இப்படிச் செய்த டி-வெக் என்ற வைரஸுக்கு 2015-இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அனுமதி கிடைத்தது.

அசைக்ளோவிரும் இதே பாஸ்பேட் விஷயம்தான்.

26 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். அவசரத்தில் எழுதிவிட்டேன். அசைக்ளோவிரில் வைரஸின் தைமிடின் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றுவது மருந்தின் மீது, புரதத்தின் மீது அல்ல. இந்தத் தொடருக்குச் சம்பந்தமில்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. "அண்ணா, தூங்கிவிட்டு எழுதுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார், அதுவும் நியாயம்.

ஆனால் அந்த உளறலிலிருந்து ஒரு நல்ல விஷயம் வருகிறது. சைட்டோமெகலோ வைரஸின் யூஎல்97 இரண்டையும் செய்கிற கைனேஸ். செல் பிரிவதைப் பிடித்து நிறுத்தும் ஆர்பி புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதன் கடிவாளத்தை அவிழ்க்கும். கருவின் உட்சுவரான லேமினில் பாஸ்பேட் ஏற்றி, வைரஸ் கூடு வெளியேறச் சுவரைத் தளர்த்தும். அதோடு கான்சைக்ளோவிர் என்ற மருந்திலும் முதல் பாஸ்பேட்டை ஏற்றிவிட்டுத் தன் கழுத்துக்கே கயிறு திரிக்கும்.

2021 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாரிபாவிர் இந்த யூஎல்97-ஐத்தான் முடக்குகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்று, மற்ற மருந்துக்கு வைரஸ் மசியாதவர்களுக்கானது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். கூடாது! யூஎல்97 முடங்கினால் கான்சைக்ளோவிரில் பாஸ்பேட் ஏறாது, அது வெறும் பொடி.

30 ஜனவரி

பிஎம்எல் என்ற பெயர் ஒரு ரத்தப் புற்றிலிருந்து வந்தது. அந்தப் புற்றில் பிஎம்எல் மரபணு உடைந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு கொடுத்துக் குணமாக்குகிறார்கள். ஆம், வெள்ளைப் பாஷாணமேதான், ஆனால் மருத்துவமனையில் அளந்து நரம்பில் ஏற்றுவது. ஆர்சனிக் போனதும் பிஎம்எல்மீது சுமோ குவியும், ஆர்என்எஃப்4 என்ற செல் புரதம் அந்தச் சுமோவைப் பிடித்து யூபிக்விட்டின் அடுக்கும், பிஎம்எல் அரைபடும்.

எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? ஐசிபி0 செய்கிற அதே வேலை. சுமோவைப் படித்து யூபிக்விட்டின் ஒட்டுகிற ஆள் செல்லிலேயே ஏற்கெனவே இருக்கிறான். அதே வித்தையை வைரஸும் தன் கையில் வைத்திருக்கிறது.

"அப்படியானால் ஐசிபி0 இல்லாத வைரஸுக்கு ஆர்சனிக் கொடுத்தால் பிழைக்குமா?" என்று யாராவது கேட்பதற்குள் சொல்கிறேன்: ஆர்சனிக் செல்லில் நூறு இடத்தில் கை வைக்கும் விஷம். அதில் வரும் விடையை வைத்து பிஎம்எல்லைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு, என்இஎம் நினைவிருக்கும்.

3 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். ப்ராஜெக்டில் பிஎம்எல் நீக்கிய செல்லில் இதைச் செய்து பார்க்க வழிகாட்டி ஒத்துக்கொண்டாராம். யூ2ஓஎஸ்ஸில் செய்யலாமா, வளர்ப்பது சுலபமாமே என்கிறான்.

தம்பி, மேலே 17-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படி. யூ2ஓஎஸ்ஸை அளவு குறிக்க மட்டும் வை. ஒரே குழாய் வைரஸை யூ2ஓஎஸ்ஸிலும் ஃபைப்ரோபிளாஸ்டிலும் பத்துப் பத்தாக நீர்த்து விடு. ஆறு குழித் தட்டு, மூன்று நாள், அப்புறம் கிரிஸ்டல் வயலட் சாயம். தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, எண்ணிய பிளாக் ஒவ்வொன்றின்மேலும் மார்க்கரால் புள்ளி வை, இல்லாவிட்டால் நாற்பதைத் தாண்டும்போது குழம்பும். சாதாரண வைரஸ், ஐசிபி0 இல்லாத வைரஸ் இரண்டுக்கும், பிஎம்எல் உள்ள செல், நீக்கிய செல் இரண்டிலும் செய். மொத்தம் நான்கு வரிசை. நான்கையும் ஒரே நாளில் செய், பாதியை வியாழன், பாதியைத் திங்கள் என்று பிரிக்காதே.

எஸ்பி100-ஐயும் சேர்த்து நீக்கிய செல் கிடைத்தால் கேட்டு வாங்கு. வரும் எண் இன்னும் சுவாரஸ்யமாக இருக்கும்.

பிளாட்டும் போடுவதாக இருந்தால், வைரஸ் விடாத செல்லை எத்தனை மணிக்கு எடுப்பாய் என்று முதலில் எழுதி அனுப்பு.